லேண்ட்ரோவரின் நரம்புகள்: மலை வண்டியும் அதன் மின்கம்பியும்



ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். லெம்பா பெர்த்தாமில் மழை பிடித்துக்கொண்ட ஓர் இரவு. தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது. தானா ராத்தா மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாசலில் பழைய லேண்ட்ரோவர் நிற்கிறது. இஞ்சின் கிளம்பிவிட்டது. ஆனால் முன்விளக்கில் ஒன்று மின்மினிப் பூச்சியைப்போல் மங்கலாக எரிகிறது. மற்றொன்று அணைந்தே கிடக்கிறது. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மண்மேடு, நடுவே மூடுபனி. அந்த நேரத்தில் வண்டிக்கு என்ன நோய், எங்கே நோய் என்று கண்டறியத் தெரிந்த ஒருவர் லயத்தில் இருந்தால் அது எவ்வளவு பெரிய உதவி!

இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த வண்டியின் வரலாறு. அரசர்களுக்கும் போர்களுக்கும் மட்டும்தான் வரலாறு உண்டு என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுக்கு முன் நிற்கும் வண்டியின் ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தவருக்கு அதன் பழுதைக் கண்டுபிடிப்பதும் எளிது.

முதலில் மலையின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைப் பற்றிய செய்தியை வெளியுலகுக்குக் கொண்டு சென்றார். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் மலை அப்படியே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் இங்கே வந்து பார்த்த பிறகே இதை வாழத்தக்க இடமாக்கும் முயற்சி சூடு பிடித்தது. தாப்பாவிலிருந்து மலைச்சாலை வெட்டும் பணி தொடங்கியது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்; ஏறிவந்து சேரும் உயரமோ கடல் மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகம். ஒவ்வொரு வளைவும் மனிதர் கையால் மண் வெட்டிச் செதுக்கிய வளைவு.

1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கைத் தேயிலையில் அனுபவமுள்ள ஏ. பி. மில்ன் அவருக்குத் துணை நின்றார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது. காட்டை அழித்துச் சரிவில் கன்று நட்டு, கொழுந்து பறித்துத் தோட்டங்களை உருவாக்கியவர்களில் பெரும் பகுதியினர் நம் முன்னோர். அவர்கள் சுமந்தவை கூடையும் மூட்டையும் மட்டுமல்ல. நோய்ப்பட்டவரைத் தோளில் சுமந்து இறங்கிய நாட்களும் உண்டு. நல்ல சாலையில் ஓடும் லாரி தோட்டத்து மண்பாதையில் மழைநாளில் ஓடாது. மலைக்கென்று ஒரு வண்டி தேவைப்பட்டது.

அந்த வண்டி பிறந்தது மலையில் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். இங்கிலாந்தில் ரோவர் கார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் தம் பண்ணையில் போரில் மிஞ்சிய அமெரிக்க ஜீப் ஒன்றைப் பயன்படுத்திவந்தார். அந்த ஜீப் பழுதாகிவிட்டால் அதற்கு ஈடாக வேறு வண்டி எங்கே என்ற கேள்வி எழுந்தது. நாமே ஒன்று செய்தால் என்ன என்று அவரும், நிறுவனத்தை நடத்திய அவருடைய தமையனார் ஸ்பென்சர் வில்க்ஸும் முடிவு செய்தனர். 1948 ஏப்ரல் 30-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் முதல் லேண்ட்ரோவர் உலகின் பார்வைக்கு வந்தது.

இங்கே ஒரு செய்தியைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும். போருக்குப் பிறகு இங்கிலாந்தில் எஃகு பங்கீட்டில்தான் கிடைத்தது. விமானத் தொழிலுக்கென்று செய்த அலுமினியக் கலவையோ தாராளமாக இருந்தது. ஆகவே சேஸியை எஃகிலும், மேலுடலை அலுமினியத்திலும் செய்தனர். பஞ்சத்தால் வந்த ஏற்பாடு அது. ஆயினும் அந்த உடல் துருவேறி உதிரவில்லை. வண்டி நீண்ட காலம் வாழ்ந்தது.

அதே 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. பிரிட்டிஷ் படை லேண்ட்ரோவரை விரும்பி ஏற்றுக்கொண்டது. படையோடு அந்த வண்டிகளும் மலாயாவின் காட்டுச் சாலைகளில் ஓடின. காலப்போக்கில் தோட்டங்களும் காய்கறிப் பண்ணைகளும் மலைச்சரிவுகளுக்கு அதையே நாடின. இன்றும் ரிங்லெட்டிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு, கூரை கழன்று, கதவு கழன்று, உறுமிக்கொண்டு ஏறும் பழைய லேண்ட்ரோவர்களைக் காணாதவர் உண்டோ? அந்த வழியில் வந்த கடைசி வண்டி 2016 ஜனவரி 29-இல் இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையிலிருந்து வெளியேறியது. தாயகத்தில் உற்பத்தி நின்றது. நம் மலையில் ஓட்டம் நிற்கவில்லை.

இனி வண்டியின் நரம்புகளுக்கு வருவோம். பேட்டரி, டைனமோ, விளக்கு, சுவிட்ச் ஆகியவற்றை ரோவர் நிறுவனம் தானே செய்யவில்லை. பெரும்பாலும் லூக்காஸ் என்ற நிறுவனத்திடமிருந்து வாங்கியது. இதை நிறுவிய ஜோசப் லூக்காஸ் பர்மிங்காம் நகரத் தெருக்களில் மண்ணெண்ணெய் விற்றுத் தொழிலைத் தொடங்கியவர். பின்பு சைக்கிளுக்கும் வண்டிக்கும் விளக்கு செய்து வளர்ந்தார். தள்ளுவண்டியில் தொடங்கிய அந்தத் தொழில் தமிழ் மண்ணையும் தொட்டது. 1961-இல் சென்னையில் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து லூக்காஸ் டி.வி.எஸ். நிறுவனம் அமைந்தது. ஆங்கிலேய ஓட்டுநர்கள் லூக்காஸை 'இருளின் இளவரசன்' என்று கேலி செய்வதுண்டு. விளக்கு திடீரென்று அணைந்துவிடுமாம்! ஆனால் அந்தக் கேலியில் பாதிதான் நியாயம். பழுதுகளில் பெரும்பாலானவை ஈரத்தாலும் அழுக்காலும் கவனக்குறைவாலும் வருபவை.

வீட்டு விளக்குக்கு இரண்டு கம்பி போகிறது அல்லவா? மின்சாரம் ஒன்றில் வந்து மற்றொன்றில் திரும்புகிறது. வண்டியில் விளக்குக்குப் பெரும்பாலும் ஒரு கம்பிதான் ஓடுகிறது. திரும்பும் வழியாக வண்டியின் உடலும் சேஸியும் பயன்படுகின்றன. இந்தத் திரும்பும் வழியைத்தான் பட்டறைக்காரர்கள் 'எர்த்' என்கிறார்கள். வண்டி மண்ணைத் தொட வேண்டியதில்லை. வண்டியின் உடலே அதற்குப் பூமி.

முன்பு சொன்ன அலுமினியமும் எஃகும் இங்கேதான் கணக்கில் வருகின்றன. இரண்டு வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவில் ஈரமும் இருந்தால், அந்த இடமே ஒரு சிறு பேட்டரியாகிவிடும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மின்சாரத்துக்குத் தடை. நம் மலையிலோ பனியும் மழையும் விட்டபாடில்லை. 1948-இல் இங்கிலாந்தில் நிலவிய எஃகுப் பஞ்சம், இன்று லெம்பா பெர்த்தாமில் ஒரு விளக்கை மங்கச் செய்கிறது என்றால் வியப்பாக இல்லையா? வரலாறு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து ஒரு பெரிய மாற்றத்தை அறிந்துகொள்ள வேண்டும். தொடக்க கால லேண்ட்ரோவர்களில் பேட்டரியின் பிளஸ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. முனைகளின் அரிப்புக் குறையும் என்று அக்காலத்துப் பிரிட்டிஷ் பொறியாளர்கள் கருதினர். 1967-ஐ ஒட்டி இந்த முறை மாறி, மைனஸ் முனை உடலோடு இணைக்கப்பட்டது. 1971-இல் வந்த மூன்றாம் வரிசை வண்டிகளில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் இடம்பெற்றது. பழைய வண்டியை அடையாளம் காண ஒரு வழி உண்டு: முன்விளக்குகள் இரண்டும் நடுவில் நெருங்கியிருந்தால் அது பெரும்பாலும் 1960-களுக்குள் பிறந்தது; இருபக்கச் சிறகுகளில் இருந்தால் அதற்குப் பிந்தியது. ஆனால் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திய வண்டிகள் நம் மலையில் ஏராளம். ஆகவே பேட்டரியின் எந்த முனையிலிருந்து கம்பி சேஸிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்த பிறகே எதையும் தொட வேண்டும்.

பார்க்காமல் செய்தால் என்ன ஆகும்? பேட்டரியைத் தலைகீழாக மாட்டினால் ஆல்டர்னேட்டரின் உள்ளே இருக்கும் டையோடுகள் நொடியில் எரிந்துபோகும். இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒரு வண்டியின் பேட்டரி இறங்கிவிட்டது. மற்றொரு வண்டியிலிருந்து கம்பி கொடுத்துக் கிளப்புகிறோம். ஒன்று பிளஸ் எர்த், மற்றொன்று மைனஸ் எர்த் என்று வையுங்கள். பிளஸ்ஸைப் பிளஸ்ஸோடும், மைனஸை மைனஸோடும் சரியாகத்தான் இணைத்தீர்கள். ஆனாலும் இரண்டு வண்டிகளின் பம்பர்கள் தொட்டுக்கொண்டால் பொறி பறக்கும்; கம்பி பழுக்கும். ஆகவே இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். தகப்பனார் மகனுக்குத் தவறாமல் சொல்லித்தர வேண்டிய பாடம் இது.

கம்பிகளின் நிறத்துக்கும் ஒரு மொழி உண்டு. பிரிட்டிஷ் வண்டிகளில் பொதுவாக வழங்கும் முறை இது. பழுப்பு நிறக் கம்பி பேட்டரியிலிருந்து நேராக வருவது. சாவியை எடுத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். வெள்ளை, சாவியைத் திருப்பிய பிறகு உயிர் பெறுவது. பெட்ரோல் இஞ்சினின் காயிலுக்கு இதுவே போகிறது. பச்சை, சாவிக்குப் பிறகு பியூஸைத் தாண்டி வருவது. பிரேக் விளக்கு, அளவுமானிகள் முதலியவற்றுக்கு உரியது. நீலம், முன்விளக்கு. சிவப்பு, பக்க விளக்கும் பின் விளக்கும். கறுப்பு, எர்த். ஆங்கிலப் புத்தகம் படிக்க வாய்ப்பில்லாதவரும் இந்த ஆறு நிறங்களை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் முன்பு யாரோ கிடைத்த கம்பியைக் கொண்டு ஒட்டுப் போட்டிருக்கலாம். நிறத்தை நம்புங்கள், சோதித்த பிறகு நம்புங்கள்.

பழைய வண்டிகளில் கம்பிகளுக்குப் பருத்தி நூல் உறை இருந்தது. வயதானால் அது மக்கி உதிரும். பின் விளக்குக்குப் போகும் கம்பிக் கட்டு சேஸிச் சட்டத்தின் உள்ளே ஓடுகிறது. அது நுழையும் துளையில் உள்ள ரப்பர் வளையம் இற்றுப்போனால், எஃகின் விளிம்பு கம்பியை மெல்ல மெல்ல அறுக்கும். பின் விளக்கு மேட்டில் எரிந்து பள்ளத்தில் அணைந்தால் அந்த இடத்தைச் சந்தேகியுங்கள்.

பியூஸ் என்பது காவல்காரன். கம்பி பழுக்கும் முன்பே தான் எரிந்து வண்டியைக் காப்பது அதன் கடமை. பழைய லேண்ட்ரோவரில் இப்படி இரண்டே காவல்காரர்கள். முன்விளக்கின் கம்பிக்கோ பியூஸே கிடையாது! அந்தக் கம்பி எங்காவது உரசி உடலைத் தொட்டால் தடுப்பார் இல்லை. பல வண்டிகளில் இருக்கைக்கு அடியில்தான் பெட்ரோல் தொட்டி இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் தாளையோ ஆணியையோ வைப்பது, காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்துவைப்பது போன்றது. தேர்ந்த மின்பழுதாளரைக் கொண்டு முன்விளக்குக்கும் ஒரு பியூஸ் பொருத்துவதும், பேட்டரியைத் துண்டிக்க ஒரு பெரிய சுவிட்ச் வைப்பதும் நல்ல செலவு.

இப்போது முதலில் சொன்ன மழை இரவுக்குத் திரும்புவோம். ஒரு விளக்கு மங்கல், ஒரு விளக்கு அணைவு. என்ன செய்வது?

இதற்குப் பெரிய கருவி வேண்டாம். 12 வோல்ட் பல்ப் ஒன்று, அதற்கு இரண்டு நீண்ட கம்பி. இதுவே சோதனை விளக்கு. பல்புக்குப் பிளஸ் மைனஸ் பேதம் இல்லை. ஆகவே பழைய வண்டிக்கும் புதிய வண்டிக்கும் இது பொதுவானது. ஒரு கம்பியைச் சேஸியில் பெயிண்டோ துருவோ இல்லாத வெறும் இடத்தில் பிடியுங்கள். முன்விளக்கு சுவிட்சைப் போட்டு, மற்றக் கம்பியால் விளக்குக்கு வரும் இணைப்பைத் தொடுங்கள். சோதனை விளக்கு எரியவில்லை என்றால் மின்சாரம் அங்கே வந்து சேரவில்லை. சுவிட்சை நோக்கிப் பின்னால் போங்கள். ஒவ்வோர் இணைப்பாகத் தொடுங்கள். எரியும் இடத்துக்கும் எரியாத இடத்துக்கும் நடுவில்தான் பழுது. பழைய வண்டிகளில் கம்பி முனைகள் தோட்டாவைப்போல் ஒரு குழலுக்குள் செருகியிருக்கும். அங்கே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை விளக்கு பளிச்சென்று எரிகிறது, பல்பும் நல்லது, ஆனால் முன்விளக்கு மட்டும் மங்கல் என்றால்? மின்சாரம் வந்துவிட்டது, திரும்பிப் போக வழியில்லை. அதாவது எர்த் கோளாறு. ஒரு தனிக் கம்பியால் விளக்கின் எர்த் முனையை, சேஸியோடு இணைந்த பேட்டரி முனையோடு சேர்த்துப் பாருங்கள். விளக்கு உடனே பிரகாசித்தால் நோய் தெரிந்துவிட்டது. எர்த் திருகைக் கழற்றி, வெள்ளைப் பொடி போக உலோகம் மின்னும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். அந்த மழை இரவின் இரண்டு விளக்குகளும் இப்படி ஒரே திருகினால் கெட்டிருக்கலாம். வலது பக்கம் திரும்பும் சைகை விளக்கைப் போட்டால் வேறு விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? அதுவும் எர்த் கோளாற்றின் அடையாளமே. திரும்ப வழியில்லாத மின்சாரம் பக்கத்து வீட்டுச் சந்து வழியாகப் போகிறது.

இதே குறுக்கு வழி இன்னொரு விதமாகவும் வரும். இஞ்சின் ரப்பர் மீது உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இஞ்சினுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு தடித்த பின்னல் பட்டை வேண்டும். அது அறுந்தால் ஸ்டார்ட்டருக்குரிய பெரும் மின்சாரம் சோக் கம்பி வழியாகத் திரும்பும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கம்பி சுட்டாலோ புகைந்தாலோ உடனே நிறுத்துங்கள். பட்டையைப் பாருங்கள்.

இஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இஞ்சின் ஓடும்போது அது 14 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஓடும்போதும் ஏறவில்லையென்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. மின்சாரம் உண்டாக்கும் பகுதியைப் பார்க்க வேண்டும்.

எந்த வேலைக்கும் முன் பேட்டரியைக் கழற்றுவது முறை. அதிலும் எர்த் முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். காரணம் எளிது: மற்ற முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடலைத் தொட்டால் பொறி பறக்கும். எர்த் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. கைக்கடிகாரம், மோதிரம், வளையல் ஆகியவற்றையும் கழற்றிவிடுங்கள்.

லெம்பா பெர்த்தாம் மக்கள் மறக்க முடியாத நாள் ஒன்று உண்டு. 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து, 2013 அக்டோபர் 23 அதிகாலையில், கனமழையின்போது நீர் திறந்துவிடப்பட்டது. சேற்று வெள்ளம் பள்ளத்தாக்கில் புகுந்தது. உயிர்கள் போயின, வீடுகளும் வண்டிகளும் சேதமாயின. மனித இழப்புக்கு முன் வண்டியின் இழப்பு சிறிதுதான். ஆயினும் அதிலிருந்து ஒரு பாடம் உண்டு. வெள்ளத்தில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பிப் பார்க்கவே கூடாது. முதலில் பேட்டரியைத் துண்டித்து, ஒவ்வோர் இணைப்பையும் பிரித்து, நல்ல நீரில் சேற்றைக் கழுவி, நன்றாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டவருக்கு இரண்டாம் நட்டம் தீயால் வரும்.

நேயர்களே, நம் பாட்டன்மார் இந்த மலைக்கு வந்தபோது மண்வெட்டியும் கூடையும் மட்டுமே அவர்கள் கையில் இருந்தன. இயந்திரத்தின் அறிவு வேறு சிலர் கையில் இருந்தது. அது எழுதப்பட்டிருந்த மொழியும் வேறு. இன்று அந்த நிலை இல்லை. தொழிற்பயிற்சிக்கு வழிகள் இருக்கின்றன. மகனும் போகலாம், மகளும் போகலாம். ஆனால் முதல் பாடத்தை வீட்டு வாசலிலேயே, அந்தப் பழைய வண்டியின் மூடியைத் திறந்து தொடங்கலாம். ஒரு பல்ப், இரண்டு கம்பி, கொஞ்சம் உப்புத்தாள், நிறையப் பொறுமை, இவை போதும். ஒரு பழுதைக் கண்டுபிடித்தால் அதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எந்த நாள், எந்த விளக்கு, எந்தத் திருகு. பத்து ஆண்டுகள் கழித்து அந்த நோட்டே உங்கள் வண்டியின் வரலாற்று நூலாகிவிடும்.

மழை இரவுகள் இனியும் வரும். வரும்போது விளக்குகள் இரண்டும் எரியட்டும்.